கேட்காமல் கொடுத்த டீ பாட்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மிளகாய் பஜ்ஜித் தட்டோடு நான் ஹாலுக்கு வந்தபோது, என் கணவர் தரையில் உட்கார்ந்து என்னுடைய டீ பாட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். சோபாவில் அவருடைய மேலதிகாரியும் அவர் மனைவியும் இருந்தார்கள். மிச்சமிருந்த டீயை என் கணவர் வாஷ்பேசினில் கொட்டியிருந்தார். வெள்ளை பேசின் முழுக்கத் தேயிலை ஒட்டிக் கிடந்தது. மூடி கழன்று விழாமலிருக்க என் மகளின் தலைமுடி ரப்பர்பேண்டை எடுத்து மாட்டினார். வீட்டுச் சாமான் எதையும் அவர் அவ்வளவு அக்கறையாகத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அது எங்கள் குடும்பச் சொத்து இல்லை. அதற்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் நானே கண்டெடுத்து, நானே வாங்கியது.

நாங்கள் தெலுங்கு பேசும் ஊரில் குடியேறிய தமிழர்கள். நான் போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு மல்காஜ்கிரியில். பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் வழியில், மிலிட்டரிக்காரர்கள் இருந்த பழைய பங்களா ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு பழைய சாமான் வியாபாரி மொத்தமாக எடுத்து, கேட்டுக்கு வெளியே தார்ப்பாயில் பரப்பியிருந்தார். கால் ஒடிந்த நாற்காலிகள், அரிக்கேன் விளக்கு, மருந்து ஜாடிகள், துருப்பிடித்த கேக் டப்பா. அவற்றுக்கு நடுவில், மண் அப்பிய ஒரு பீங்கான் டீ பாட். கையில் எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். வெள்ளையில் நீலச் சித்திரம். ஒரு பாலம், அதன்மேல் மூன்று மனிதர்கள், தொங்கும் கிளைகளோடு ஒரு மரம், மேலே இரண்டு பறவைகள். மூக்கு நுனியில் அரிசி அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நீல எழுத்தில் இங்கிலாந்து என்று இருந்தது. கம்பெனிப் பெயர் பாதி அழிந்துவிட்டது.

“சாய்தானி ஹை பாஜி,” என்றார் வியாபாரி, டீ பாட்தான் அக்கா என்று. நான் அதைக் கீழே வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஹோனா தோ லேலோ, நக்கோ தோ ரக் தோ.” வேண்டுமென்றால் எடுத்துக்கொள், இல்லையென்றால் வைத்துவிடு. என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. இது நல்லது, அது உனக்கு எதற்கு, வீட்டில் கேட்டாயா என்று எதுவும் இல்லை. வாங்கினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மல்காஜ்கிரிவரை நின்றே வந்தேன்.

வீட்டில் என் கணவர் அதைப் பார்த்துச் சிரித்தார். எந்த வெள்ளைக்காரன் வாய் வைத்ததோ, எவன் எச்சிலோ, அதை வீட்டுக்குள் கொண்டு வந்திருக்கிறாயே என்றார். வாசலில் குப்பை எடுக்க வருபவர்கூட இதைத் தொடமாட்டார் என்றார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

உள்ளே காவி நிறத்தில் டீக்கறை தடித்திருந்தது. சோடா உப்புப் போட்டு வெந்நீர் ஊற்றி ஊறவைத்தேன். மூன்று நாள், மூன்று முறை. நான்காம் நாள் வெள்ளையாகிவிட்டது.

எங்கள் வீட்டில் டீ என்றால் பாலைக் காய்ச்சி, அதிலேயே தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டு, எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியில் நான் குடிப்பது. அதற்குள் ஆறி, ஆடை கட்டியிருக்கும். பல வருஷமாக அப்படித்தான் குடித்தேன். இது வந்த பிறகு நாலேகால் மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தேயிலையை இதில் போட்டு வெந்நீர் ஊற்றி மூடிவைப்பேன். முகம் கழுவிக்கொண்டு வந்தால் சரியாக இருக்கும். ஒரு கோப்பை. பிறகு இன்னொரு கோப்பை, அதுவும் சூடாக. அடுத்த வீட்டுக்காரி மணியடித்தால்கூடச் சில நாள் கதவைத் திறக்கமாட்டேன். மகள் அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோச்சிங் முடிந்து மெட்ரோ பிடித்து வர ஏழு மணி ஆகும். அவரும் ஆறுக்கு மேல்தான். நாலேகாலிலிருந்து ஆறுவரை அந்த வீட்டில் யாரும் என்னை எதற்கும் கூப்பிடமாட்டார்கள். பெரிய சுகம் ஒன்றும் இல்லை. பேப்பர் திருத்துவேன், சில நாள் பால்கனியில் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஆறு வருஷம், ஞாயிறு தவிர, அநேகமாக ஒரு நாள் விடாமல். ஒரு சில்லுகூட மேற்கொண்டு பெயரவில்லை.

என் கணவர் ராணுவத் தளவாடம் செய்யும் ஓர் அரசு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். போன வருஷம் அவருடைய பிரிவில் பாதிப் பேரை வடக்கே மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பட்டியலில் யார் பெயர் இருக்கும் என்பது அந்த மேலதிகாரியின் கையில். அதனால் அவரையும் அவர் மனைவியையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கேசரி, பஜ்ஜி, ஃபில்டர் காபி என்று நான் திட்டம் போட்டிருந்தேன். அன்று மதியம்தான் என் கணவர் சொன்னார், காபி வேண்டாம், உன் அந்தக் கெட்டிலில் டீ போட்டு வை, பார்க்க நன்றாக இருக்கும் என்று. எச்சில் என்று சிரித்தவர்தானே என்று நினைத்தேன். ஆனாலும், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

நான் அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தபோது ஹாலில் நடந்ததைப் பிற்பாடு மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாள் டீ பாட்டைக் கையில் எடுத்து, எவ்வளவு அழகு, எங்கே கிடைத்தது, எனக்கு நீலப் பீங்கான் என்றால் உயிர் என்றிருக்கிறார். என் கணவர், இது எங்கள் தாத்தாவுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை கொடுத்தது, ஊரில் இதே மாதிரி இன்னும் மூன்று இருக்கிறது, இங்கே சும்மா அலமாரியில்தான் கிடக்கிறது, யாரும் உபயோகிப்பதில்லை, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். அவருடைய தாத்தா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். எந்தத் துரையையும் அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

தட்டோடு நான் வந்து நின்றபோது இதெல்லாம் முடிந்திருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்து, உங்களுக்குப் பரவாயில்லையா என்று தெலுங்கில் கேட்டார். நான் சிரித்தேன். “பர்வாலேது மேடம், தீஸ்கோண்டி” என்றேன். பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். என் வாய்தான் சொன்னது. பஜ்ஜியையும் நீட்டினேன்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் பேசினின் முன்னால் போய் நின்றேன். தேயிலையை விரலால் வழித்துக் குழாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் கோபம் வந்தது.  அவரிடம் போய், அதை எப்படிக் கொடுக்கலாம் என்று கேட்டேன்.

“ஒரு பீங்கான் சாமானுக்காகவா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?” என்றார். “நீயும்தானே எடுத்துக்கோங்கன்னு சொன்னே?”

“நான் வந்தப்பவே நீங்க பேப்பர்ல சுத்திக்கிட்டிருந்தீங்க.”

வேறு ஒன்று வாங்கித் தருகிறேன், இதைவிட நல்லதாக என்றார். எனக்கு வேறு ஒன்று வேண்டாம், அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். பைத்தியமா உனக்கு என்றார். மகள் ஹெட்போனைக் கழற்றி இரண்டு பேரையும் பார்த்தாள். அவளுக்கு நாங்கள் பேசுவது எல்லாம் புரியும். ஆனால் தமிழில் பதில் வராது. “லைட் தீஸ்கோ அம்மா,” என்று சொல்லிவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டாள். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று அர்த்தம். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்கள். அன்று அவள்மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

இரண்டு மாதம் போயிற்று. மாற்றல் பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை. அன்று மாலை ஒரு கிலோ ஸ்வீட்டோடும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடும் வந்தார். பெட்டிக்குள் தங்கக் கோடு போட்ட புது டீ செட், ஆறு கோப்பைகளோடு. “பாரு, எது முக்கியம்னு இப்பப் புரியுதா?” என்றார். நான் பெட்டியை மூடி, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் வைத்துவிட்டு இறங்கினேன். அவர் ஸ்வீட் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் நாம் இருப்பதே அந்த டீ பாட்டால்தான் என்று அடுத்த வாரம் போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார். அப்போது நான் பக்கத்து அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் முடிவு செய்தேன். அவர் அதைத் திருப்பி வாங்கித் தரப்போவதில்லை. நான்தான் போகவேண்டும்.

அந்த அதிகாரியின் குவார்ட்டர்ஸ் என் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி. ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். நடந்தே போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, தெலுங்கில் நாலு வாக்கியம் தயார் செய்துவைத்திருந்தேன். காம்பவுண்டுக்குள் நுழைந்ததுமே எல்லாம் மறந்துவிட்டது. வராந்தாவில் இரும்பு ஸ்டாண்டு ஒன்றில் வரிசையாகச் செடிகள். மூன்றாம் தட்டில் என்னுடைய டீ பாட். மூடியைக் காணவில்லை. உள்ளே மண் நிரப்பி மணிபிளாண்ட் நட்டிருந்தார்கள். கொடி மூக்கு வழியாக ஒரு பக்கமும் வாய் வழியாக ஒரு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் என்னை நன்றாகத்தான் வரவேற்றார். உள்ளே உட்காரவைத்து, கண்ணாடி டம்ளரில் மோர் கொடுத்தார். வேலை எப்படி, மகள் எப்படி என்று விசாரித்தார். மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, அந்த டீ பாட் எனக்குத் திரும்ப வேண்டும் என்றேன். தெலுங்கில்தான் பேசினோம். தமிழில் எழுதுகிறேன்.

அவர் முதலில் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு முகம் மாறியது. உங்கள் கணவர்தானே கொடுத்தார், ஊரில் இன்னும் மூன்று இருக்கிறது என்றாரே என்றார்.

“ஊர்ல ஒண்ணும் இல்ல மேடம். என் ஸ்கூல் பக்கத்துல ஒரு பழைய பங்களாவை இடிச்சாங்க, அங்க நான் வாங்கினது. தினம் அதுலதான் டீ குடிச்சேன்.”

அந்த அம்மாள் வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு பொய்யைப் பிடித்துவிட்டதால் அவருக்கு வெட்கமா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். “நான் உங்களைக் கேட்டேனே,” என்றார். “உங்க முகத்தைப் பாத்துத்தான் கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. எடுத்துக்கோங்கன்னு உங்க வாயாலதான் சொன்னீங்க. அன்னைக்கு ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா, நான் தொட்டிருப்பேனா?”

 இரண்டு மாதமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அந்த அம்மாள் கேட்டுவிட்டார். புருஷனுடைய அதிகாரியும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தால், கையில் தட்டோடு நிற்கிறவள் வேறு என்ன சொல்வாள் என்று கேட்டிருக்கலாம். அது அவருக்கே தெரியும், அவரும் எத்தனை அதிகாரிகள் முன்னால் அப்படி நின்றிருப்பார். ஆனால் எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

அவருக்கும் சூடு ஏறிவிட்டது. ஒருவர் ஒரு பொருளை என் கையில் கொடுத்தால், உன் மனைவியைக் கேட்டாயா என்று நான் விசாரிக்க வேண்டுமா என்றார்.

“ஆமா மேடம்,” என்றேன். “கட்டறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும். அவரும் கேட்டிருக்கணும், நீங்களும் கேட்டிருக்கணும்.”

அவர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தோட்டக்காரரைக் கூப்பிடவில்லை. அவரே மணிபிளாண்டைப் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டார். நகக்கண்ணெல்லாம் மண். தோட்டக் குழாயில் டீ பாட்டைக் கழுவியபோதுதான் நான் அதைப் பார்த்தேன். உள்ளே ஊற்றிய தண்ணீர் அடியிலிருந்து கம்பியாக ஒழுகியது. வேர் அழுகாமலிருக்க, டிரில் மெஷினால் அடியில் துளை போட்டிருந்தார்கள். இங்கிலாந்து என்ற எழுத்தின் நடுவில், சுண்டுவிரல் போகிற அளவுக்கு.

“செடிக்குத் தண்ணி வடியணுமில்ல,” என்றார். குரல் இறங்கியிருந்தது. மூடி எங்கேயோ இருக்க வேண்டும், தேடிக் கொடுத்தனுப்புகிறேன் என்றார். மூடி இன்றுவரை வரவில்லை.

ஈரத்தோடு அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பையிலிருந்த நாற்பது பரீட்சைப் பேப்பரும் நனைந்து, பிள்ளைகள் போட்ட கணக்கெல்லாம் நீலமாகக் கரைந்துவிட்டது. மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் மறுபடி பரீட்சை வைக்க வேண்டியதாயிற்று.

வழியெல்லாம் நெரிசல், இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தால் என் கணவர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் போனில் சொல்லி, செய்தி ஆபீஸுக்குப் போய்விட்டது. அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டு, உங்கள் தாத்தாவின் துரை போலாரத்தில் எந்த பங்களாவில் இருந்தார் என்று கேட்டாராம். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்களாம்.

“என்னை நாறடிச்சிட்டியே,” என்றார். “நாளைக்கு ஆபீஸ்ல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?” துளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜைமேல் நான் வைத்த டீ பாட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடனே அந்த அம்மாளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேள் என்றார். ஏதோ மனக்குழப்பத்தில் பேசிவிட்டேன் என்று சொல்லச் சொன்னார். போனை எடுத்து நம்பரையும் போட்டு என் முன்னால் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. “அது என்னோடது,” என்றேன். “நான் பொய் சொல்லல. நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?”

அவர் கத்தினார். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படிக் கத்தியதில்லை. அப்போது மகள் அவள் அறையிலிருந்து வந்து மேஜையருகில் நின்றாள். டீ பாட்டைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். துளைக்குள் விரலை விட்டு எடுத்தாள். “ஒக்கசாரி அடகாலி கதா, அப்பா,” என்றாள். ஒரு தடவை கேட்டிருக்க வேண்டாமா. அவள் உரக்கச் சொல்லவில்லை. அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

துளையை அடைக்க முடியுமா என்று நானும் பார்த்தேன். குழாய் ஒழுகினால் பூசுகிற பசையை வாங்கி அடைத்தேன். தண்ணீர் நின்றது. ஆனால் வெந்நீர் ஊற்றியதும் ரசாயன வாடை. அந்த டீயைக் கீழே கொட்டினேன். பசையையும் சுரண்டி எடுத்தேன். இப்போது அது என் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. எதற்கும் உபயோகமில்லை. ஆனாலும் யாருக்கும் கொடுக்கமாட்டேன். என் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், பேனா போட்டு வைக்கலாமே என்றார். எனக்குப் பேனா போட்டு வைக்க டீ பாட் தேவையில்லை என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

என் கணவர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. எப்போதாவது பேச்சு வந்தால், நீயும்தானே எடுத்துக்கச் சொன்னே என்கிறார். அது உண்மை என்பதால்தான் கோபம் அடங்கமாட்டேன் என்கிறது. முழுக்க அவர்மேல் போட்டுவிட முடிந்திருந்தால் என்றைக்கோ அடங்கியிருக்கும்.

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன், தன் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் போக சைக்கிள் வேண்டும் என்று வந்து கேட்டார். மாடிப்படிக்குக் கீழே என் மகளின் பழைய சைக்கிள் காற்று இறங்கி நாலு வருஷமாகக் கிடக்கிறது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் கணவர் வாசலில் நின்றபடி உள்ளே திரும்பி, மகளின் அறையைப் பார்த்துக் கேட்டார்.

“உன் சைக்கிளை இவருக்குக் கொடுத்துடலாமாம்மா?”

ஓகே அப்பா என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நான் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் திருந்திவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. இவ்வளவுதானா? கேட்பதற்கு இவ்வளவு நேரம்தான் ஆகுமா? கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு, படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்கி முடியும்வரை அப்படியே நின்றேன்.